பூந்தொட்டி மகாராஜா

முன்னொரு காலத்தில், ராஜாக்களுக்கு வேலை குறைவாகவும் ஆசை அதிகமாகவும் இருந்த ஒரு நாட்டில், விசயகண்டன் என்றொரு மன்னன் ஆண்டுவந்தான். கெட்டவன் இல்லை. ஆனால் யாராவது அவனை ஒரு சொல் குறைத்துச் சொல்லிவிட்டால் அன்றைக்கு அவனுக்குச் சோறு இறங்காது.

ஒருநாள் பக்கத்து நாட்டுத் தூதன் ஒருவன் அரண்மனையில் வயிறு முட்ட விருந்துண்டான். பிறகு வெற்றிலையை மென்றபடியே, "எல்லாம் சரிதான் மன்னா. ஆனால் உங்கள் ஊர்த் தெருவில் கால் வைத்தால் சாணி வாடைதான் முதலில் வரவேற்கிறது. திருவிழாவுக்கு எங்கள் மன்னர் வரும்போது மூக்கைப் பிடித்துக்கொண்டுதான் வரவேண்டியிருக்கும்" என்று சொல்லிவிட்டுப் போனான்.

மன்னனுக்குத் தூக்கம் போயிற்று. சாணியை அள்ளச் சொல்லியிருந்தால் காரியம் முடிந்திருக்கும். ஆனால் சாணி அள்ளுவது ராஜகாரியம் ஆகுமா? ஆகவே, கோட்டை வாசலிலிருந்து அரண்மனை வரை ராஜவீதியின் இரண்டு பக்கமும் பூந்தொட்டி வைக்கச் சொன்னான். குயவர்கள் இரவு பகலாகத் தொட்டி வனைந்தார்கள். ஒவ்வொரு தொட்டியின் கழுத்திலும் அரண்மனை அடையாளமாக நீலப்பட்டை தீட்டினார்கள். செவ்வந்தி, வாடாமல்லி, கோழிக்கொண்டை என்று நட்டுவைத்ததும் தெரு ஜொலித்தது. மன்னன் உப்பரிகையில் நின்று பார்த்து மீசையைத் தடவிக்கொண்டான்.

மறுநாள் காலையில் வரிசையில் பல் விழுந்த மாதிரி அங்கங்கே இடைவெளி தெரிந்தது. புதுத் தொட்டிகளை வைத்தார்கள். அவையும் போயின. செவ்வந்தி போன இடத்தில் வாடாமல்லியை வைத்தால் வாடாமல்லி போயிற்று.

யார் எடுத்தார்கள்? ஏழைகள் எடுக்கவில்லை. பூந்தொட்டியைக் காய்ச்சிக் குடிக்க முடியாது. குடிசைக்குள் வைக்க இடமும் கிடையாது. எடுத்தவர்கள் எல்லோரும் பெரிய மனிதர்கள். தோட்டத்துக்கு என்று தனியாக ஆள் வைத்திருப்பவர்கள். கோயிலுக்குப் போய்விட்டுத் திரும்பும் வழியில் பல்லக்கு ஒரு நிமிடம் நிற்கும். பட்டுத் திரை விலகும். வளையல் போட்ட கையோ மோதிரம் போட்ட கையோ வெளியே நீளும். தொட்டி உள்ளே போகும். திரை மூடும். உள்ளே இருப்பவர் நெற்றியில் விபூதி அப்படியே இருக்கும். பெரிய மனிதரின் பல்லக்கைச் சோதிக்க எந்தக் காவலனுக்குத் துணிச்சல் வரும்?

மன்னன் கொதித்தான். அப்போது பிரதானி தர்மலிங்க ராயர் எழுந்தார். அந்த நாட்டில் மன்னனுக்கு அடுத்த பதவி அவருடையது. முகத்துதியில் அவருக்கு அடுத்தபடியாகக்கூட ஆள் இல்லை.

"மகாராஜா! இவற்றை வெறும் பூக்கள் என்று நினைப்பதால்தான் தொடுகிறார்கள். இவை பூக்களா? தங்கள் திருமுகம் அல்லவா! தெருவில் நிற்கும் ஒவ்வொரு தொட்டியும் தாங்களே என்று பறைசாற்றுங்கள். பிறகு எவன் கை வைப்பான்?"

மன்னனுக்கு அது தேனாக இனித்தது. அன்று மாலையே பறை முழங்கியது. "ராஜவீதியில் வைத்த பூந்தொட்டி ஒவ்வொன்றும் மகாராஜாவே! அதற்கு மரியாதை செய்வது மகாராஜாவுக்குச் செய்வது! அதை அவமதிப்பது ராஜத்துரோகம்!"

அதன்பிறகு அந்தத் தெருவில் நடப்பதே ஒரு தண்டனை ஆயிற்று. வண்டிக்காரன் வண்டியை விட்டு இறங்கித் தோள்துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு கும்பிட்டான். விறகுக்காரி சுமையோடு குனிந்து குனிந்து போனாள். ஒரு எருமை செவ்வந்தியை ஒரு வாய் கடித்த குற்றத்துக்காகச் சிறைக்கூடத்துத் தூணில் கட்டப்பட்டது. பெரிய மனிதர்களும் சட்டத்தை மீறவில்லை. பல்லக்கை விட்டு இறங்கி, தொட்டியை முறைப்படி வணங்கி, அதன்பிறகுதான் தூக்கிக்கொண்டு போனார்கள்.

இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தவன் சடையாண்டி. அவன் அரசவை விகடகவி. பிரதானி ஒரு நாழிகை பேசினால் மன்னன் கொட்டாவி விடுவான். சடையாண்டி ஒரு சொல் சொன்னால் சிரிப்பான். அந்த ஒரு காரணத்துக்காகவே சபையில் பாதிப்பேர் அவனை வெறுத்தார்கள். ஆனாலும் தங்கள் வீட்டு விருந்துக்குக் கூப்பிடாமல் இருக்கமாட்டார்கள். சாப்பிடுகிறவர்களைச் சிரிக்கவைக்க ஆள் வேண்டுமே! அவன் எதிரில் எதையும் மறைக்கவும் மாட்டார்கள். விகடகவியை ஒரு மனிதனாக எண்ணினால்தானே மறைக்கத் தோன்றும்?

ஆகவே பிரதானி வீட்டு முற்றத்தில் திடீரென்று முளைத்த பூந்தொட்டிகளை அவன் பார்த்திருந்தான். நீலப்பட்டையின்மேல் சுண்ணாம்பு அடித்திருந்தார்கள், அதையும் ஒழுங்காக அடிக்கவில்லை. தளவாய் இரணசூரர் வீட்டுக் கொல்லையிலும் அதே கதைதான். படைத்தலைவர் இல்லையா, அவர் ஒன்றிரண்டோடு நிற்கவில்லை, அணிவகுத்து வைத்திருந்தார்.

பார்த்து என்ன பயன்? அந்த நாட்டுச் சட்டத்தை எழுதியவர்களும் பெரிய மனிதர்கள். சபையோர் வீட்டுக்குள் சோதனை என்று எவரும் நுழையக் கூடாது. சபையோரில் ஒருவர்மேல் சாட்சியில்லாமல் குற்றம் சொன்னவனுக்கு நாக்கு இருக்காது. அதற்குச் சாட்சியும் சபையோரில் இன்னொருவராகத்தான் இருக்கவேண்டும். சடையாண்டிக்குத் தன் நாக்கின்மேல் ஆசை உண்டு; அவன் சோறு அதில்தான் இருந்தது. வாயை மூடிக்கொண்டான்.

பேச்சியை இழுத்துவராமல் இருந்திருந்தால் மூடியேகூட இருந்திருப்பான்.

பேச்சி கோயில் வாசலில் மல்லிகைச் சரம் விற்கிறவள். தளவாயின் ஆட்கள் அவளை முடியைப் பிடித்து இழுத்துவந்து சபை நடுவில் தள்ளினார்கள். தளவாய் மார்பை நிமிர்த்திக்கொண்டு, "மகாராஜா, திருடி அகப்பட்டாள். தலையில் வாடாமல்லி இருந்தது. கையும் களவுமாகப் பிடித்தேன்" என்றார்.

பேச்சி நடுங்கிக்கொண்டே கும்பிட்டாள். "சாமி, காத்துல உதுந்து மண்ணுல கெடந்த பூவு சாமி. மிதிபடுதேன்னு எடுத்து வெச்சேன். தொட்டியத் தூக்கிட்டுப் போயி நான் எங்கே வெப்பேன்? எங்க குடிசையில காலு நீட்டவே எடமில்ல."

"தொட்டிகளை விற்றுவிட்டாள்" என்றார் பிரதானி. "பூ விற்கிறவளுக்குத் தொட்டி விற்கத் தெரியாதா?"

மன்னன் யோசிக்கவில்லை. கோபத்தில் இருப்பவனுக்கு ஒரு ஆள் கிடைத்தால் போதும். "பூத் தொடுக்கும் விரல்களை வெட்டுங்கள்" என்றான்.

அப்போது சபையில் ஒரு தும்மல் கேட்டது. எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். சடையாண்டி மூக்கைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

"மன்னிக்க வேண்டும் மகாராஜா. ஒற்றை ஆளாக இந்தப் பெண் இத்தனை தொட்டிகளைத் தூக்கியிருக்கிறாள் என்றால், தளவாய் இவளைப் பிடித்திருக்கக் கூடாது. படையில் சேர்த்திருக்க வேண்டும்."

மன்னனின் உதடு துடித்தது, சிரிப்பை அடக்கிக்கொண்டான். பிரதானிக்குக் காத்திருந்த சமயம் வந்துவிட்டது. எழுந்து நின்று குரலில் வெண்ணெய் தடவினார்.

"சடையாண்டிக்கு உண்மைத் திருடர்களைத் தெரிந்திருக்கிறது போலும். அவரே தொட்டிகளை மீட்டுத் தரட்டும் மகாராஜா. சட்டத்துக்கு உட்பட்டுத்தான்! யார் வீட்டையும் சோதிக்கக் கூடாது, சபையோர் யார்மேலும் பழி சொல்லக் கூடாது. விருந்தாளி மன்னர் கோட்டை வாசலுக்கு வரும்போது ஒரு தொட்டி குறைந்தாலும் இவளுக்கு விரல் இல்லை. சடையாண்டிக்கு இந்த ஊர் இல்லை. கரும்புள்ளி செம்புள்ளி குத்திக் கழுதைமேல் ஏற்றி அனுப்பிவிடலாம்."

"அப்படியே ஆகட்டும்" என்றான் மன்னன்.

சபை கலைந்தது. கழுதையைப் பற்றிச் சடையாண்டி எத்தனையோ கதை சொல்லியிருக்கிறான். அதன்மேல் பின்பக்கமாகத் திரும்பி உட்கார்ந்து ஊரைவிட்டுப் போவதை நினைத்தபோது ஒரு கதைகூடச் சிரிப்பாகத் தோன்றவில்லை. கால்போன போக்கில் நடந்து சிறைக்கூடத்தின் கம்பிக்கு முன்னால் போய் நின்றான்.

உள்ளே பேச்சி தன் விரல்களையே பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். அவனைக் கண்டதும், "எதுக்குய்யா எனக்காவ வாயக் குடுத்தே? நீயும்ல மாட்டிக்கிட்டே" என்றாள்.

"சும்மா இருந்திருக்கலாம்னு எனக்கும் இப்பத்தான் தோணுது."

"யாரு எடுத்தாங்கன்னு ஒனக்குத் தெரியும்ல?"

"தெரியும். சொன்னா நாக்கு போயிரும்."

பேச்சிக்குக் கோபம் பொங்கியது. "நல்லாயிருக்குய்யா நாயம்! நாங்க தெருவுல அதக் கும்பிட்டுக் கும்பிட்டு இடுப்பொடிஞ்சு போனோம். அவுக என்னடான்னா மகாராசாவையே அலேக்கா தூக்கிக்கிட்டுப் போயி அவுக வீட்டுல குடிவெச்சிருக்காக!"

சடையாண்டி கம்பியைப் பிடித்துக்கொண்டான். "என்ன சொன்னே?"

"மகாராசாவ வீட்டுல குடிவெச்சிருக்காகன்னேன். ஏன், தப்பா?"

"தப்பே இல்ல தாயி" என்றான் சடையாண்டி. திரும்பி அரண்மனையைப் பார்த்து ஏறக்குறைய ஓடினான்.

மன்னன் தாம்பூலம் போட்டுக்கொண்டிருந்தான். சடையாண்டி தரையில் விழுந்து வணங்கினான்.

"மகாராஜா, ஒரே ஒரு ஐயம். மகாராஜா எங்கே எழுந்தருளியிருக்கிறாரோ, அங்கே ராஜபரிவாரம் இருக்க வேண்டுமா, வேண்டாமா?"

"இதென்ன கேள்வி? நான் இருக்கும் இடத்தில்தான் என் பரிவாரம் இருக்கும்."

"மகாராஜா ஒருவர் வீட்டில் தங்கினால் பரிவாரத்துக்குச் சோறு போடுவது யார்?"

"அந்த வீட்டுக்காரன்தான். அது அவன் செய்த பாக்கியம்."

"அப்படியானால், மகாராஜா தங்கியிருக்கும் இடங்களுக்குப் பரிவாரத்தை அழைத்துப்போக அடியேனுக்கு அனுமதி வேண்டும்."

மன்னனுக்கு ஒன்றும் புரியவில்லை. புரியவில்லை என்று காட்டிக்கொள்ளும் வழக்கமும் இல்லை. முத்திரை மோதிரத்தைக் கழற்றிக் கொடுத்தான்.

மறுநாள் பொழுது விடிந்ததும் பிரதானி வீட்டு வாசலில் எக்காளம் முழங்கியது. பிரதானி வேட்டியைச் செருகிக்கொண்டே ஓடிவந்து பார்த்தார். பட்டத்து யானையும் அதன் பின்னால் வேறு யானைகளும் நின்றன. குதிரைகள், வெண்கொற்றக் குடை, சாமரம் வீசுகிறவர்கள், மேளக்காரர்கள், கட்டியக்காரர்கள், வாளேந்திய மெய்க்காவலர்கள் என்று தெரு நிரம்பியிருந்தது. எல்லோருக்கும் முன்னால் சடையாண்டி கைகூப்பி நின்றான்.

"சோதனையா?" என்று பிரதானி சீறினார். "என் வீட்டுக்குள்ளா?"

"அபசாரம்! அபசாரம்!" என்று சடையாண்டி கன்னத்தில் போட்டுக்கொண்டான். "நாங்கள் மகாராஜாவுக்குச் சேவை செய்ய வந்திருக்கிறோம். மகாராஜா தங்கள் முற்றத்தில்தானே எழுந்தருளியிருக்கிறார்?"

பிரதானி வாயைத் திறந்து மூடுவதற்குள் பரிவாரம் உள்ளே நுழைந்துவிட்டது. முற்றத்தில் இருந்த பூந்தொட்டிகளைச் சுற்றிக் காவலர்கள் வாளுடன் நின்றார்கள். செவ்வந்திக்குக் குடை பிடித்தார்கள். கோழிக்கொண்டைக்குச் சாமரம் வீசினார்கள்.

"இது... இது என் சொந்தச் செடி!" என்றார் பிரதானி.

"அப்படியா? மகாராஜா நீராடட்டும், பார்த்துவிடலாம்" என்று சொல்லிச் சடையாண்டி ஒரு குடம் தண்ணீரைத் தொட்டியின்மேல் ஊற்றித் துணியால் துடைத்தான். சுண்ணாம்பு கரைந்து வழிந்தது. நீலப்பட்டை பளிச்சென்று தெரிந்தது. மெய்க்காவலர்கள் அத்தனை பேரும் பார்த்தார்கள்.

"பிரதானியாரே, நான் யார்மேலும் பழி சொல்ல மாட்டேன். எனக்கு நாக்கு வேண்டும். தாங்களே சொல்லுங்கள். மகாராஜா விருந்தாளியாக வந்திருக்கிறாரா? இல்லை, யாராவது திருடிக்கொண்டு வந்தார்களா?"

பிரதானி காவலர்களின் வாளைப் பார்த்தார். நீலப்பட்டையைப் பார்த்தார்.

"விருந்தாளியாகத்தான்... எழுந்தருளியிருக்கிறார்" என்றார்.

"கேட்டீர்களா?" என்று சடையாண்டி பரிவாரத்தைப் பார்த்துக் கத்தினான். "மகாராஜா இங்கேதான் தங்குகிறார்! அடுப்பை மூட்டுங்கள்!"

அதன்பிறகு அந்த வீடு பட்ட பாட்டைச் சொல்லி முடியாது. யானைகள் கொல்லை வாழைகளைத் தின்று தீர்த்துவிட்டு, பக்கத்துத் தென்னையை மோப்பம் பிடித்தன. குதிரைகள் கொள்ளுக்காகக் கனைத்தன. பந்தி முடிவதற்குள் அடுத்த பந்தி உட்கார்ந்தது. மகாராஜாவின் முன்னிலையில் வீட்டுக்காரர்கள் உட்காரக் கூடாது என்பதால் பிரதானி நின்றுகொண்டே இருந்தார். அவர் மனைவி கோமளவல்லியும் நின்றாள். இந்தச் செடிகளைப் பல்லக்கில் ஏற்றியது அவளுடைய கைதான்.

மேளச் சத்தம் ஓய்ந்த நேரம் பார்த்து அவள் கணவர் காதில் கிசுகிசுத்தாள். "என்னங்க, குதிர்ல நெல்லே இல்லீங்க. இவரு இன்னும் எத்தன நாளைக்கு இங்க இருப்பாராம்?"

பிரதானி பல்லைக் கடித்துக்கொண்டு சடையாண்டியிடம், "மகாராஜா எப்போது புறப்படுவார்?" என்று கேட்டார்.

சடையாண்டி குனிந்து செவ்வந்தியிடம் காதை வைத்தான். நெடுநேரம் கேட்டான். நிமிர்ந்து, "இதுவரை ஒன்றும் சொல்லவில்லை. இந்த இடம் பிடித்துப்போய்விட்டது போலிருக்கிறது" என்றான்.

பிரதானியின் கண்ணில் நீர் வந்துவிட்டது. "நாங்களே கொண்டுபோய் விட்டுவிடுகிறோம். ஒரு கட்டைவண்டியில் ஏற்றி..."

"மகாராஜாவைக் கட்டைவண்டியிலா? என்ன பேச்சுப் பேசுகிறீர்கள்! வீட்டுக்காரர் செருப்பைக் கழற்றிவிட்டுத் தலையில் சுமந்து வழியனுப்புவதுதான் முறை. அம்மா பின்னால் குடை பிடித்துக்கொண்டு வரட்டும்."

அப்படித்தான் நடந்தது. நாட்டின் பிரதானி தலையில் செவ்வந்தித் தொட்டியோடு, முகத்தில் சேற்றுநீர் வழிய, வெறுங்காலுடன் ராஜவீதியில் நடந்தார். வைத்துவிட்டு வந்து அடுத்ததைச் சுமந்தார். முன்னால் கட்டியக்காரன், "மகாராஜா வருகிறார், வழி விடுங்கள்" என்று கூவினான். விறகுக்காரியும் வண்டிக்காரனும் பயபக்தியோடு கும்பிட்டார்கள். சிரிப்பை மறைக்கத்தான் அவ்வளவு குனிந்தார்கள்.

அடுத்து யானைகள் தளவாய் வீட்டுத் தெருப்பக்கம் திரும்பின. தளவாய் அதை மாடியிலிருந்து பார்த்தார். எந்தப் போரிலும் காட்டாத வேகத்தில் கீழே இறங்கினார். பரிவாரம் வாசலுக்கு வருமுன் இரு கக்கத்திலும் தொட்டிகளை இடுக்கிக்கொண்டு வெளியே வந்துவிட்டார். செய்தி பரவியது. யானையின் மணியோசை எந்தத் தெருவில் கேட்டாலும் அந்தத் தெருப் பெரிய மனிதர்கள் தொட்டியும் தலையுமாக வெளியே ஓடிவந்தார்கள். அவசரத்தில் ஒருவர் தன் சொந்தத் துளசிச் செடியையும் கொண்டுவந்து தெருவில் வைத்துவிட்டார்.

உப்பரிகையில் நின்ற மன்னனுக்கு முதலில் ஒன்றும் விளங்கவில்லை. விளங்கியபோது கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். கீழே இறங்கிவந்து முதல் வேலையாகப் பேச்சியை விடுவிக்கச் சொன்னான்.

"தவறு என்னுடையது. என்ன வேண்டுமோ கேள் அம்மா" என்றான்.

"ஒண்ணும் வேணாம் சாமி" என்றாள் பேச்சி. "தொட்டியக் கும்பிடச் சொல்லாம இருந்தாப் போதும். பூக்கூடையோட குனிஞ்சா சரமெல்லாம் மண்ணுல விழுந்துருது."

மன்னனின் முகம் வெட்கத்தில் சிவந்தது. பறையறைந்த கட்டளையைத் திரும்பப் பெறச் சொன்னான். அவளுக்குக் கோயில் வாசலில் நிழலாக ஒரு கடை கட்டிக்கொடுக்கவும் உத்தரவிட்டான். பிறகு சடையாண்டியைப் பார்த்து, "எல்லாம் வந்துவிட்டதா?" என்று கேட்டான்.

சடையாண்டி தயங்கினான். "இன்னும் இரண்டு பாக்கி மகாராஜா."

"யார் வீட்டில்? யானையை அனுப்பு!"

"அனுப்பலாமா என்று தெரியவில்லை. ராணியாருக்குக் கதை சொல்லப் போனபோது பார்த்தேன். அவர்கள் முற்றத்தில், கிணற்றடிக்குப் பக்கத்தில் இருக்கின்றன. தினமும் காலையில் அவற்றைப் பார்த்தபடிதான் தாங்கள் பல் துலக்குகிறீர்கள்."

சபையோர் மூச்சை அடக்கிக்கொண்டார்கள். பிரதானியின் கண்கள் பளபளத்தன. "ராணியார்மேல் பழி! நாக்கை..." என்று தொடங்கினார்.

"பழியா?" என்றான் சடையாண்டி. "மகாராஜா, மகாராஜாவின் வீட்டிலேயே இருக்கிறார் என்றேன். அது எப்படிப் பழி ஆகும்?"

மன்னன் ராணியின் முற்றத்துப் பக்கம் திரும்பிப் பார்த்தான். பிறகு பாதுகைகளைக் கழற்றினான். யாரையும் ஏவாமல் உள்ளே போனான். திரும்பி வந்தபோது இரண்டு கைகளிலும் இரண்டு தொட்டிகள் இருந்தன. அவனே தெருவில் இறங்கி வரிசையில் இருந்த கடைசி இடைவெளிகளில் அவற்றை வைத்தான். அன்றைக்குத்தான் அந்த ஊர் ஜனங்கள் கட்டளை இல்லாமல் அவனை வணங்கினார்கள்.

திருவிழா வந்தது. விருந்தாளி மன்னரும் வந்தார். ராஜவீதியில் ஒரு தொட்டிகூடக் குறையவில்லை. பூவெல்லாம் அன்றைக்கென்றே விரிந்து நின்றன. பல்லக்கு கோட்டை வாசலில் நுழைந்தது, தெரு முழுவதும் ஊர்ந்தது, அரண்மனை முன் வந்து நின்றது. திரை ஒரு தடவைகூட விலகவில்லை. உள்ளேயிருந்து குறட்டைச் சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது. வழிக் களைப்பில் மனிதர் வாயைத் திறந்துகொண்டு தூங்கிவிட்டார். எழுப்பி உள்ளே அழைத்துப் போனபோதும் அவர் கேட்டது, "சாப்பாடு தயாரா?" என்பதைத்தான்.

விசயகண்டனின் முகம் தொங்கிப்போயிற்று. "இதற்காகவா இத்தனை பாடு? ஒரு பூவைக்கூட அவர் பார்க்கவில்லையே சடையாண்டி!"

"வருந்தாதீர்கள் மகாராஜா" என்றான் சடையாண்டி. "இந்தத் தெரு வழியாகப் பல்லக்கில் போய், ஒரு தொட்டியும் எடுக்காமல் இறங்கிய முதல் பெரிய மனிதர் இவர்தான்."

மன்னன் சிரித்தான். விருந்தாளி திரும்பிப் பார்க்கும் அளவுக்குச் சிரித்தான். தோளில் கிடந்த பொன்சரிகைச் சால்வையை எடுத்து அவனே சடையாண்டிக்குப் போர்த்தினான். பிரதானியும் தளவாயும் எல்லோருக்கும் முந்திக் கைதட்டினார்கள். சடையாண்டி அந்தச் சால்வையோடு பல காலம் வாழ்ந்தான். அந்த ஊரில் மழையும் பெய்தது, பூவும் பூத்தது.